படமில்லாத சமூகமா நாம்?

சில மாதங்களுக்கு முன்னர் கிண்ணியாவில் நடந்த ஓர் இலக்கியச் சந்திப்புக்குப் போயிருந்தேன். நண்பர் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டின் ஒல்லாந்து ஓவியங்களைத் திரையில் காட்டிப் பேசினார். நல்ல பேச்சு. யன்னலோரம் நின்று கடிதம் வாசிக்கும் பெண், மேசையில் பாதி தோல் உரித்த எலுமிச்சை, வெள்ளையடித்த தேவாலயம், மேகம் கவிந்த கடல் என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுக் கடைசியில் பெருமூச்சோடு சொன்னார்: "இது சுதந்திரமான ஒரு சமூகத்தின் கலை. எங்களுக்கு இது வாய்க்கவில்லை. மார்க்கம் தடுத்துவிட்டது. நாங்கள் படமில்லாத சமூகம்."

முன்வரிசையிலிருந்த ஒரு மௌலவி எழுந்தார். நண்பர் கவலையோடு சொன்னதையே அவர் சந்தோசமாகச் சொன்னார். "அல்ஹம்துலில்லாஹ், நாங்கள் படமில்லாத சமூகம்தான். உருவம் வரைவது ஹராம். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை."

சபை இரண்டு பேருக்கும் கைதட்டியது. இருவரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒருவருக்கு அது குறை, மற்றவருக்கு அது நிறை. இரண்டு பேருமே வரலாற்றைப் பார்க்காமல் பேசுகிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு. நேரம் போய்விட்டது என்று அன்று எனக்குப் பேச வாய்ப்புத் தரப்படவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

1

முதலில் நண்பரிடம் பேசுகிறேன். மார்க்கம் தடுத்ததால் ஓவியம் வரவில்லை என்கிறீர்கள். நீங்கள் காட்டிய படங்களை வரைந்தவர்களின் மார்க்கம் என்ன சொன்னது?

1566 ஓகஸ்டில் அன்றைய பிளாண்டர்ஸ் பகுதியில் ஒரு கலகம் தொடங்கியது. கல்வினின் போதனையைப் பின்பற்றிய புறட்டஸ்தாந்துகள் தேவாலயங்களுக்குள் புகுந்து சிலைகளை உடைத்தார்கள், பீடங்களைத் தகர்த்தார்கள், ஓவியங்களைக் கிழித்தார்கள். அந்த மாதம் 20 ஆந் திகதி அன்வேர்ப் நகரின் பேராலயம் சூறையாடப்பட்டது. அங்கிருந்து அது வடக்கே பரவியது. சிலைகளை வணங்குவது விக்கிரக ஆராதனை, இறைவனுக்கு உருவம் கொடுப்பது பாவம் என்பதே அவர்களின் வாதம். நம் வெள்ளி மேடைகளில் கேட்கும் வாதத்திலிருந்து இது வெகுதூரத்தில் இல்லை.

பிறகு நடந்த நீண்ட போரில் அந்த நிலம் இரண்டாகப் பிரிந்தது. தெற்கு ஸ்பானிய மன்னரின் கீழ் கத்தோலிக்கமாக நின்றது. வடக்கு ஒல்லாந்துக் குடியரசாகி, கல்வினியச் சபையை அரச ஆதரவு பெற்ற சபையாக்கியது. தெற்கே அன்வேர்ப்பில் ரூபன்ஸ் பெரும் பீட ஓவியங்களை வரைந்துகொண்டிருந்தார். சிலுவையிலிருந்து இறக்கப்படும் இயேசுவை அவர் 1612 க்கும் 1614 க்கும் இடையில் அந்தப் பேராலயத்துக்கு வரைந்தார். உடைபட்ட இடத்தை நிரப்பும் வேலை அது. வடக்கே தேவாலயச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஓவியனுக்குப் பல நூற்றாண்டுகளாகச் சோறு போட்ட மிகப் பெரிய வாடிக்கையாளர் ஒரே தலைமுறையில் கதவைச் சாத்திவிட்டார்.

நண்பரின் வாதப்படி ஒல்லாந்தில் ஓவியம் அத்தோடு செத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. உலகம் அதுவரை கண்டிராத அளவில் அங்கே படம் பெருகியது. தேவாலயம் வாங்காத படத்தை வீடு வாங்கியது. வணிகர், மதுவடிப்போர், வெதுப்பகம் நடத்துவோர் எல்லாரும் வாங்கினார்கள். 1641 இல் றொட்டர்டாம் சந்தைக்குப் போன ஆங்கிலேயர் ஜோன் ஈவ்லின், விவசாயிகள்கூடப் படங்களில் பணம் போடுவதைக் கண்டு வியந்து நாட்குறிப்பில் எழுதினார். பீட ஓவியத்தின் இடத்தில் வீட்டு முற்றம், சமையலறை, கடல், பனி உறைந்த வாய்க்கால், பழக்கூடை எல்லாம் வந்தன.

ஹார்லெம் நகரின் பீட்டர் சான்றெடாம் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த வெள்ளையடித்த தேவாலயங்களை வரைவதிலேயே கழித்தார். சிலையில்லை, பீடமில்லை. தூண், வளைவு, வெளிச்சம், தரையில் கல்லறைக் கற்கள். அந்தப் படங்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பள்ளிவாசலின் உட்புறம்தான் ஞாபகம் வந்தது. அசெண்டெல்ப்ற் ஊர்த் தேவாலயத்தை அவர் 1649 இல் வரைந்தபோது தன் தகப்பனாரின் கல்லறைக் கல்லை முன்னால் வைத்து வரைந்தார். உருவம் விலக்கப்பட்ட ஓரிடத்திலிருந்து ஒரு மகன் தன் வாப்பாவை நினைவுகூரும் படம் வந்திருக்கிறது. விலக்கு அவர் கையைக் கட்டிப்போடவில்லை. வேறு திசைக்குத் திருப்பியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1585 இல் அன்வேர்ப் ஸ்பானியப் படையிடம் வீழ்ந்தபோது பெருந்தொகையான மக்கள் வீட்டைவிட்டு வடக்கே ஓடினார்கள். அன்வேர்ப்பில் பிறந்து ஹார்லெமில் வளர்ந்த பிரான்ஸ் ஹால்ஸ் அப்படி இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. அகதியாய்ப் போனவர்களின் கைகளும் சேர்ந்துதான் அந்தப் பொற்காலத்தை உண்டாக்கின. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களும், 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய்க்கு நடந்தவர்களும் இருக்கிற ஒரு சமூகம், "எங்களுக்கு வசதி வாய்க்கவில்லை" என்று சொல்லுமுன் இதை ஒருதரம் யோசிக்க வேண்டும்.

2

இனி மௌலவிக்கு. மரியாதையோடுதான் பேசுகிறேன். உருவம் பற்றிய ஹதீஸ்கள் இருக்கின்றன. உருவம் படைப்போருக்குக் கடும் தண்டனை உண்டென்பதும், உருவம் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை இல்லையென்று சொல்ல நான் வரவில்லை. வணக்கத்துக்குரிய இடத்தில் உருவம் வைக்கப்பட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் வெறும் கற்பனையல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் அதே கிரந்தங்களில் வேறொரு அறிவிப்பும் இருக்கிறது. அதை ஏன் மேடையில் சொல்வதில்லை? படம் வரைந்து பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்தார். தண்டனை பற்றிய நபிமொழியைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துப்போயிற்று. அவரிடம் இப்னு அப்பாஸ் சொன்ன அறிவுரையின் சாரம் இதுதான்: வரைந்தே தீரவேண்டுமென்றால் மரத்தை வரை, உயிரில்லாதவற்றை வரை. தூரிகையை முறித்துப் போடச் சொல்லவில்லை. பிழைப்பை விடச் சொல்லவில்லை. அந்த மனிதரின் கைக்கு ஒரு வழி காட்டினார்.

மிகக் கடுமையான கருத்துடைய ஆலிம்களும் ஏற்றுக்கொள்ளும் வழி அது. அந்த வழியில் நின்றுகொண்டு நண்பர் காட்டிய படங்களைத் திரும்பப் பாருங்கள். வில்லெம் கால்ப் வரைந்த பீங்கானும் பழமும். பீட்டர் கிளாஸ் வரைந்த ரொட்டியும் கிண்ணமும். றூயிஸ்டால் வரைந்த வானமும் மணல்மேடும். வான் டி வெல்ட வரைந்த பாய்மரக் கப்பல்கள். சான்றெடாமின் தூண்கள். ஒல்லாந்துக் கலையின் பெரும் பகுதி இப்னு அப்பாஸ் காட்டிய வழிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அவர்கள் யாரும் அந்த அறிவிப்பைக் கேள்விப்பட்டதில்லை. கேட்ட நாம்தான் அந்த வழியில் ஓரடியும் வைக்கவில்லை.

இது ஒல்லாந்தரிடம்தான் கற்க வேண்டிய விசயமுமல்ல. உதுமானியக் கப்பற்படைத் தளபதி பீரி றெயிஸ் 1521 இலும் 1526 இலும் முடித்த கடல் நூலில் மத்தியதரைக் கடலின் துறைமுகங்களையும் குடாக்களையும் கோட்டைகளையும் ஒவ்வொன்றாக வரைந்து வைத்தார். சுல்தான் சுலைமானின் ஈராக் படையெடுப்போடு சென்ற மத்ராக்சி நசூஹ், வழியில் கண்ட ஊர்களையெல்லாம் மனிதர் இல்லாமல் வரைந்தார். வீடு, ஆறு, பாலம், மினாரா, பூத்த மரம். ஐந்நூறு வருசத்துக்கு முந்திய முஸ்லிம்கள் இவர்கள். துறைமுகத்தை வரைந்தவர்கள்.

உலகத்தின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றின் கரையில் நாம் இருக்கிறோம். கொட்டியாரக்குடாவின் விடியற்காலை, கரைவலை இழுக்கும் கயிறு, உப்பாறு, கண்டல் காடு, மூதூர் லோஞ்சு கட்டியிருக்கும் இறங்குதுறை, வெளியே நங்கூரமிட்ட கப்பல்களின் இரவு விளக்குகள் எல்லாம் நம் கண்முன்னால் கிடக்கின்றன. இவற்றில் எது ஹராம்? கவிதையில் கடலைப் பாடாதவர் நம்மில் இல்லை. ஆனால் இந்தக் குடாவை வரைந்த ஒரு முஸ்லிம் கையின் ஓவியம் எந்த வீட்டுச் சுவரிலும் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. சுவிற்சர்லாந்து மலையும் நீர்வீழ்ச்சியும் அச்சடித்த கலண்டர்தான் நம் விறாந்தைகளில் தொங்குகிறது. அதைத் தொங்கவிட எந்தப் பத்வாவும் தேவைப்படவில்லை.

இதில் இன்னொரு முரணையும் சொல்லாமல் விட முடியாது. அடையாள அட்டைக்குப் படம், ஹஜ் பயணத்துக்குப் படம், கலியாணத்துக்கு வீடியோ, பயானைப் பரப்பக் கைத்தொலைபேசி. இவற்றையெல்லாம் தேவை என்றும் நிழல் என்றும் விளக்கி ஏற்றுக்கொண்டுவிட்டோம். நானும் ஏற்கிறேன். பிறகு பத்து வயதுப் பிள்ளையின் கையிலுள்ள வர்ணப் பென்சிலிடம் மட்டும் ஏன் இத்தனை பயம்?

3

இப்போது திரும்பவும் நண்பரிடம். "சுதந்திரமான சமூகத்தின் கலை" என்றீர்கள். யாருடைய சுதந்திரம்?

பீட்டர் கிளாஸ் 1627 இல் வரைந்த ஒரு விருந்து மேசை அம்ஸ்டர்டாம் றிஜ்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வான்கோழிப் பணியாரம், சீனப் பீங்கான், வெள்ளிப் பூண் போட்ட சங்குக் கிண்ணம், தாளைச் சுருட்டிச் செய்த சுருளில் மிளகு. அந்த மிளகு ஒல்லாந்து வயலில் விளைந்ததல்ல. 1602 இல் தொடங்கிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் நமது கடல்களிலிருந்து கொண்டுபோனது. நீங்கள் காட்டிய கடிதம் வாசிக்கும் பெண்ணை வரைந்த வெர்மீரின் ஊரான டெல்ப்ற், அந்தக் கம்பனியின் ஆறு பிரிவுகளில் ஒன்றின் தலைமையிடம். அவர் முன்னாலிருந்த மேசையில் விரித்திருப்பது கீழைத்தேயக் கம்பளம். தரையில் போடக்கூட மனமில்லாமல் மேசையில் விரித்து வைக்கும் அளவுக்கு அது அங்கே விலை உயர்ந்த பொருள்.

அந்தக் கம்பளங்களின் கதை நமக்குத் தெரிய வேண்டியது. அனத்தோலியாவின் முஸ்லிம்கள் நெய்தவை அவை. பெயர் தெரியாத பெண்களின் கைவேலை அதில் பெரும்பாலானது. அவற்றில் ஒரு வகைக் கோலத்துக்கு இன்று அறிஞர்கள் வழங்கும் பெயர் 'மெம்லிங்'. ஹான்ஸ் மெம்லிங் பதினைந்தாம் நூற்றாண்டில் புறூஜ் நகரில் இருந்த பிளெமியக் கத்தோலிக்க ஓவியர். தன் படங்களில் அந்தக் கம்பளத்தை வரைந்தார். அவ்வளவுதான். நெய்தவளின் பெயர் போய்விட்டது, பார்த்து வரைந்தவரின் பெயர் கோலத்துக்கே ஒட்டிக்கொண்டது. படம் வரைகிறவனிடம் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நம் துறைமுகத்துக்கு வருவோம். 1620 களின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். அந்தக் காலத்தில் போர்த்துக்கல்லின் முடி ஸ்பானிய மன்னர் நான்காம் பிலிப்பின் தலையில் இருந்தது. அதே மன்னர் 1624 இல் ரூபன்ஸுக்குப் பிரபுப் பட்டம் வழங்கினார். ஒரு முடியின் கீழ் அன்வேர்ப்பில் பீடம் எழுந்தது, இங்கே கோயில் கடலுக்குள் விழுந்தது. 1639 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். கண்டி மன்னரோடு சேர்ந்துதான் வந்தார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களவர் சொல்வது இதைத்தான். விட்டுப்போன கோட்டைக்கு 1665 இல் திரும்பி வந்தார்கள். கிழக்குத் துறைகளைப் பூட்டி, கொட்டியாரத்திலும் மட்டக்களப்பிலும் சோழமண்டலக் கரையோடு நடந்த சுதந்திர வணிகத்தின் கழுத்தை நெரித்தார்கள். அந்தக் கரையோர வணிகத்தின் ஒரு பெரும் கை முஸ்லிம்களுடையது.

கம்பனிக்கு முஸ்லிம் என்பவன் முதலில் வியாபாரப் போட்டியாளன், பிறகுதான் வேற்று மதத்தவன். ஊழியம் என்ற பெயரில் முஸ்லிம்களும் செட்டிகளும் கம்பனிக்குக் கூலியின்றி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும். கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் நிலம் வாங்க முடியாதபடி தடை போட்டார்கள். பிரித்தானியர் வந்து, 1832 இல்தான் அது நீங்கியது.

ஒல்லாந்தின் சகிப்புத்தன்மையைப் பற்றியும் அன்று புகழ்ந்தீர்கள். உண்மைதான். அம்ஸ்டர்டாமில் கத்தோலிக்கர் பகிரங்கமாகத் தொழக்கூடாது, ஆனால் வீட்டு மாடியில் மறைவாகத் தொழலாம். 1663 இல் ஒரு வணிகரின் வீட்டு மேல்மாடியில் அமைந்த அப்படியான தேவாலயம் இன்று அருங்காட்சியகம். அதே ஒல்லாந்தரின் இலங்கையில் என்ன நடந்தது? கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது. 1687 இல் கோவாவிலிருந்து வந்த யோசெப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் ஊர் ஊராகத் திரிந்தார். அங்கே மாடியில் கிடைத்த இடமும் இங்கே கிடைக்கவில்லை. அந்த அமைதியான முற்றங்களையும் வெளிச்சம் விழும் யன்னல்களையும் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். படம் பொய்யாகிவிடாது. வெளிச்சம் வெளிச்சம்தான். ஆனால் அந்த வீட்டுக்கு வாடகை கட்டியவர்களில் நம் மூதாதையரும் உண்டு.

4

அப்படியென்றால் அந்தக் கலையைத் தூக்கி எறிவோமா? பின்காலனியம் படித்த நம் இளைஞர்கள் சிலர் இதைத்தான் சொல்வார்கள். அது சோம்பல். இரண்டு உதாரணம் தருகிறேன்.

றெம்பிரான்ட் 1650 களின் பிற்பகுதியில் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து வரைந்தார். அவ்வாறு வரைந்தவற்றில் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. கம்பனிக் கப்பலில் வந்த யப்பானியத் தாளில், முகலாய முஸ்லிம் அவையில் பிறந்த ஓவியங்களை, உலகம் கொண்டாடும் ஒரு கிறிஸ்தவ ஓவியர் மாணவனைப்போல இருந்து கற்றார். அவற்றில் ஒன்றில் மரத்தடியில் கிண்ணங்களோடு அமர்ந்திருக்கும் நான்கு பெரியார்கள் இருக்கிறார்கள். அந்த அமைப்பிலிருந்து அவர் 1656 இல் ஒரு செதுக்கோவியம் செய்தார். நபி இப்றாஹீம் (அலை) மலக்குகளுக்கு விருந்தளிக்கும் காட்சி அது. குர்ஆனிலும் வரும் அதே சம்பவம். சிலைகளை உடைத்த நபியின் கதை, முகலாயச் சித்திரகாரனின் ஷெய்குமார் வழியாக, வெள்ளையடித்த தேவாலயங்களின் நாட்டில் படமாகியிருக்கிறது. மலக்குகளை அப்படி வரைவதை நாம் ஏற்கமாட்டோம். அது வேறு விசயம். ஆனால் "இது அவர்களின் கலை, நமக்குச் சம்பந்தமில்லை" என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது உதாரணம் இன்னும் நெருக்கமானது. எசாயஸ் பூர்ஸ் என்ற அம்ஸ்டர்டாம் ஓவியர், வெர்மீரின் சமகாலத்தவர், சமையலறையும் நூல் நூற்கும் பெண்ணும் வரைந்தவர். பிழைப்புக்காகக் கம்பனியில் சேர்ந்து 1661 இல் இலங்கைக்குக் கப்பலேறினார். 1662 என்று ஆண்டு குறித்த அவருடைய சித்திரக் கொப்பி 1996 இலிருந்து றிஜ்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூறுக்கு மேற்பட்ட சித்திரங்கள். சாதாரண சனங்கள், அவர்கள் உடுத்த விதம், குடிசைகள், வேலை. ராஜாவும் இல்லை, போரும் இல்லை. 1672 இல் மறுபடி கிழக்கே வரும் வழியில் கடலிலேயே இறந்துபோனார்.

அதே 1662 இல்தான் வில்லெம் கால்ப் சங்குக் கிண்ணமும் சீனப் பீங்கானும் கீழைத்தேயக் கம்பளமும் உள்ள தன் புகழ்பெற்ற படத்தை வரைந்தார். ஒரே வருசம், ஒரே வணிகம். கால்ப் பொருட்களை வரைந்தார், பூர்ஸ் அந்தப் பொருட்கள் புறப்படும் நாட்டின் மனிதர்களை வரைந்தார். அப்போது மூதூர்க் கரையில் 1660 இல் பிடிபட்ட றொபட் நொக்ஸ் கண்டி மன்னரின் கைதியாக இருந்தார். பத்தொன்பது வருசம் கழித்துத் தப்பிப் போய் 1681 இல் அவர் வெளியிட்ட நூலின் படங்களை இலண்டனில் செதுக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பல்தேயுசின் நூலும் 1672 இல் படங்களோடு வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இந்தத் தீவின் மனிதர் எப்படி இருந்தார் என்று கேட்டால் உலகம் எடுத்துக் காட்டுவது இவற்றைத்தான்.

பூர்ஸ் நம்மை இழிவுபடுத்தினார் என்று நான் சொல்லமாட்டேன். கவனமாகப் பார்த்திருக்கிறார். அந்தக் கவனத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதுதான் சங்கடம். கம்பனியின் சம்பளத்தில் வந்த ஒருவர், தெருவில் நின்ற பெயரில்லாத ஒருவரை வரைந்தார். வரையப்பட்டவரின் பெயரை யாரும் கேட்கவில்லை. வரையப்பட்டவரும் திரும்பி அவரை வரையவில்லை.

1765 இல் கண்டியில் கொள்ளையிட்டுப் போன லெவ்கே திசாவையின் பீரங்கி உட்பட ஆறு பொருட்களை நெதர்லாந்து 2023 இல் இலங்கைக்குத் திருப்பித் தந்தது. நல்ல காரியம். சித்திரக் கொப்பியையும் தா என்று நாளை யாராவது கேட்கலாம். எனக்கு அதில் பெரிய அவசரமில்லை. தாளைத் திருப்பி வாங்கலாம். வரையாமல் விட்ட முந்நூற்று அறுபது வருசத்தை யாரிடம் திருப்பிக் கேட்பது?

5

இது அருங்காட்சியகத்து விவகாரமில்லை என்பதைச் சொல்ல, என் வீட்டுக் கதை ஒன்று.

2006 இல் மூதூரை விட்டு ஓடிய பல்லாயிரக்கணக்கானவர்களில் என் தங்கச்சியின் குடும்பமும் ஒன்று. அவளுடைய மகனுக்கு அப்போது பத்து வயது. திரும்பி வந்த அடுத்த வருசம் பாடசாலையில் சித்திரக் கண்காட்சி வைத்தார்கள். அவன் ஒரு படம் வரைந்தான். நீளமான வீதி, தலையில் மூட்டையோடு ஆட்கள், ஒரு வயசான ஆளைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போகும் இரண்டு பேர். அந்த வயசான ஆள் அவனுடைய மூத்தவாப்பா. கண்காட்சி தொடங்குமுன் படத்தைக் கழற்றிவிட்டார்கள். ஆட்கள் இருக்கிறார்கள், பிரச்சினை வரும் என்று காரணம். யாரும் வந்து பிரச்சினை பண்ணவில்லை. வருமுன்னரே பயந்தார்கள். அதற்குப் பதிலாகப் பூச்சாடி வரையச் சொன்னார்கள். அவன் வரையவில்லை.

அந்த வருசம் எத்தனை கமெராக்கள் வந்தன! தொண்டு நிறுவனம், தொலைக்காட்சி, வெளிநாட்டுச் செய்தியாளர். 2004 சுனாமிக்குப் பிறகு கிண்ணியாவிலும் இதே வரிசைதான். நம் பெண்கள் தண்ணீர் வாளியோடு நிற்கும் படமும், நம் பிள்ளைகள் தட்டோடு நிற்கும் படமும் உலகத்தின் அறிக்கைகளில் அட்டைப்படமாய்ப் போயின. பெயர் போடவில்லை. 'இடம்பெயர்ந்த முஸ்லிம் பெண்' என்று போட்டார்கள். பூர்ஸின் காலத்திலிருந்து நம் நிலை எவ்வளவு மாறியிருக்கிறது? அவர்கள் நம்மைப் படம் பிடித்தபோது மார்க்கம் பேசாமல் நின்றோம். நம் பிள்ளை நம்மை வரைந்தபோதுதான் நமக்கு மார்க்கம் ஞாபகம் வந்தது.

இதுதான் என் கோபம். நாம் படமில்லாத சமூகமல்ல. நம்மைப் பற்றிய படங்கள் ஏராளம் இருக்கின்றன, அத்தனையும் மற்றவர்கள் எடுத்தவை. நாம் வரையாத சமூகம்.

6

"மேற்கத்தேய மோகம்" என்று ஒரு பதில் வரும் என்று எனக்குத் தெரியும். தினமும் கந்தோருக்குப் போகிறோம், அந்தச் சொல் ஒல்லாந்தருடையது. நம் தனியார் சட்டத்தின் வேரைத் தேடினால் 1770 அளவில் அவர்கள் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த முகம்மதியச் சட்டக் கோவையில் போய் முட்டுகிறது. கந்தோரையும் கோவையையும் பேசாமல் வைத்துக்கொண்டோம். அவர்களின் சுவரில் இருந்த நல்ல பாடம் ஒன்றை எடுத்தால் மட்டும் மோகமா?

நான் கேட்பது பெரிதல்ல. உருவம் வரைவதில் ஆலிம்களுக்கிடையே உள்ள கருத்து வேறுபாட்டை ஒரு வாரத்தில் தீர்த்துத் தாருங்கள் என்று கேட்கவில்லை. எல்லாரும் ஒத்துக்கொள்ளும் வழியில் முதலில் நடப்போம் என்கிறேன். மௌலவி அவர்களே, அடுத்த வெள்ளி மேடையில் இப்னு அப்பாஸின் அந்த அறிவிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது அமானிதத்துக்கு அழகல்ல. அதிபர்களே, சித்திரப் பாடத்தை 'விருப்பமில்லாத பிள்ளைகளின் பாடம்' ஆக்காதீர்கள். சித்திர ஆசிரியர் இல்லாவிட்டால் கணித ஆசிரியருக்குக் குரல் கொடுப்பதுபோல அதற்கும் குரல் கொடுங்கள். எழுத்தாளர்களே, நம் தொகுதிகளுக்கும் சஞ்சிகைகளுக்கும் இணையத்தில் கிடைக்கும் எவருடையதோ ஒரு படத்தைப் போடும் பழக்கத்தை நிறுத்துவோம். ஊரில் ஒரு பிள்ளை வரைந்த வள்ளத்தைப் போடுவோம், கீழே அந்தப் பிள்ளையின் பெயரையும் போடுவோம். நண்பரே, அடுத்த சந்திப்பில் வெர்மீரைக் காட்டுங்கள், நானும் வருகிறேன். பூர்ஸின் கொப்பியையும் பக்கத்தில் காட்டுங்கள். பீரி றெயிஸையும் காட்டுங்கள்.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் தங்கச்சியின் மகனைக் கேட்டேன். இப்போது அவன் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறான். "அந்தப் படம் எங்க தம்பி? உம்மா எடுத்து வச்சிருக்காவா?" என்றேன்.

"எந்தப் படம் மாமா?" என்றான்.

மூத்தவாப்பா மவுத்தாகிப் பல வருசமாகிறது. அவர் ஊரைவிட்டுப் போன நாளைக் கண்ணால் கண்டு வரைந்த ஒரே கை, வரைந்ததையே மறந்துவிட்டது. இதற்கு ஒல்லாந்தரைக் குற்றம் சொல்ல முடியாது.